கழிவுச் சீட்டு கட்டிய குடை

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் அம்மாக்களுக்கு வேலை இரண்டு. தங்கள் பிள்ளை வெளியே வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. அது வரும்வரை யாரையாவது உரித்து உப்புத் தடவிக் காயப்போடுவது இன்னொன்று. அந்த மழைக்காலத்துக்குச் சற்று முன்பு உரிபட்டவர் கழிவு டீச்சர்.

பேச்சு இப்படிப் போனது. கழிவு டீச்சரும் பள்ளிக்கு எதிரே எழுதுபொருள் கடை வைத்திருக்கும் அம்மாவும் கூட்டாம். டீச்சர் வகுப்பில், "எல்லாரும் காலி பாட்டில் கொண்டு வரணும்" என்பாராம். மறுநாள் காலையில் கடையில் காலி பாட்டில் விற்பனைக்கு வந்துவிடுமாம். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு பேரும் வந்ததைப் பங்கு போட்டுக்கொள்வார்களாம். சொன்னவர்கள் யாரும் ஷட்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவர்கள் இல்லை. ஆனால் ஷட்டர் இறங்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சாட்சிக்கு அது போதாதா?

விசாரித்துப் பார்த்தால் கூட்டு என்பது பொய். பங்கு என்பது பச்சைப் பொய். அந்தக் கடையில் டீச்சர் ஒரு பென்சில் வாங்கினாலும் முழு விலைதான், அதுவும் காசைக் கையில் வைத்தால்தான் பென்சில் கைக்கு வரும். கடையில் காலி பாட்டில் விற்றார்கள் என்பது மட்டும் உண்மை. இருவரும் கூடப் பிறந்த அக்கா தங்கை என்பதும் உண்மை. ஒரு வதந்தி தெருவெல்லாம் நடந்து போக இந்த இரண்டு கால் தாராளமாகப் போதும்.

கழிவு டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்தது ஓவியம் சொல்லிக் கொடுக்க. யானை, கிளி, இரண்டு மலைக்கு நடுவே சூரியன் என்று சிவனே என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பு. ஒரு வருடம் மேலிடத்திலிருந்து, எல்லாப் பள்ளிகளிலும் சுற்றுச்சூழல் வகுப்பு நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. கணக்கு டீச்சருக்கு நேரமில்லை. அறிவியல் டீச்சருக்கு மனமில்லை. ஓவிய டீச்சரிடம்தான் பச்சைப் பென்சில் இருக்கிறதே என்று அதை அவர் தலையில் கட்டினார்கள்.

கட்டியவர்கள் சடங்குக்குக் கட்டினார்கள். அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பம். தாளின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்றார். பல் துலக்கும்போது குழாயை மூட வேண்டும் என்றார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், முகமெல்லாம் சவர நுரையோடு நின்ற அப்பாவின் கைக்குக் கீழே புகுந்து குழாயை மூடினார்கள். கழிவு டீச்சர் என்ற பட்டம் அந்த அப்பாக்கள் கொடுத்தது.

ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அவரிடம் கிடையாது. வீட்டிலும் பால் உறைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுவார். "நம்ம துணியைவிட பால் கவர்தான் கொடில ஜாஸ்தி. ரெண்டை சேர்த்து எனக்கு ஒரு சட்டை தைச்சுடு, ஆபீஸ்ல யாரும் பக்கத்துல வர மாட்டாங்க" என்பது கணவரின் நிரந்தர நகைச்சுவை.

டீச்சரின் வாழ்க்கையில் நிரந்தரமாக இருந்தது அந்த நகைச்சுவை ஒன்றுதான். பள்ளியில் அவர் தற்காலிகம்.

அந்தப் பள்ளியின் அகராதியில் தற்காலிகம் என்றால் 'தலை நரைக்கும் வரை' என்று பொருள். சேர்ந்தபோது இடுப்பில் இருந்த மகன் இப்போது கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிப் பார்க்கிறான். அம்மா இன்னும் தற்காலிகம். ஆசிரியர் அறையில் நிரந்தர டீச்சர்களின் நாற்காலி முதுகில் வெள்ளைப் பெயிண்டால் அவரவர் பாடம் எழுதியிருக்கும். கணக்கு, அறிவியல், மொழி, வரலாறு. தற்காலிகங்களுக்கு நாற்காலி கிடையாது. யாராவது விடுப்பில் போனால் அந்த நாற்காலியில் உட்காரலாம். கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் வருகிற நாள் கழிவு டீச்சரின் முதுகுக்கு ஓய்வு நாள். எல்லோரும் நலமாக இருந்துவிட்டால் ஜன்னல் விளிம்புதான். அவர் யாருக்கும் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டதில்லை. ஆனால் யாராவது தும்மினால் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வருடம், பசுமைப் பள்ளிச் சான்றிதழ் தருவதற்காக ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. தலைமையாசிரியையை அங்கே எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் கழிவு டீச்சரைக் கூப்பிட்டார்.

"கண்காட்சி ஒண்ணு வைக்கணும். பசங்க கழிவுப் பொருள்ல ஏதாவது செஞ்சு கொண்டு வரட்டும். சான்றிதழ் மட்டும் வந்துடட்டும், நிர்வாகிகிட்ட உனக்காக நானே பேசறேன். உன் நாற்காலில என்ன எழுதணும்னு யோசிச்சு வை."

கழிவு டீச்சர் யோசித்து வைத்தார். 'ஓவியம்' என்று எழுதச் சொல்வதா, 'சுற்றுச்சூழல்' என்று எழுதச் சொல்வதா? மனசு பின்னதைக் கேட்டது. ஆனால் நீளமான சொல். நாற்காலி முதுகு தாங்குமா என்று, கணக்கு டீச்சர் இல்லாத நேரத்தில் ஜாண் வைத்து அளந்துகூடப் பார்த்தார்.

பெற்றோருக்குச் சுற்றறிக்கை போனது. டீச்சர் எழுதிக் கொடுத்தது நாலு வரி: வீட்டில் வேண்டாமென்று கிடக்கிற பொருளைத் தேடி எடுங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை வேறு ஏதாவதாக மாற்றிப் பாருங்கள் என்று. தட்டச்சு செய்த அலுவலக எழுத்தர் சிக்கனக்காரர். டீச்சரின் பாடம் அவரிடம் மட்டும் நன்றாக வேலை செய்திருந்தது. நாலு வரியை ஒரு வரியாக்கினார்: 'மாணவர்கள் வரும் வாரம் கழிவு கொண்டு வரவும்.'

எதிரே அக்கா கடையில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. 'நோட்டுப் புத்தகங்களுக்குக் கழிவு உண்டு' என்று என்றைக்கோ எழுதியது. விலையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்று பொருள். வெயில் அதன் முன்பாதியைத் தின்றுவிட்டிருந்தது. மிச்சமிருந்தது, 'கழிவு உண்டு.'

சுற்றறிக்கையோடு வெளியே வந்த பெற்றோர் நிமிர்ந்து பார்த்தால் எதிரே அந்தப் பலகை. முதலில் வந்தவர் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா.

"கழிவு இருக்காங்க?"

"இருக்கும்மா. பத்து."

"பத்து எப்படிப் போதும்? எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க. இருபதாக் குடுங்க."

"இருபதெல்லாம் கட்டுப்படியாகாது. யாரா இருந்தாலும் பத்துதான்."

"சரி, ஆளுக்கு அஞ்சாப் பிரிச்சுக்கறேன். பையில போட்டுக் குடுங்க."

அக்கா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். தள்ளுபடியைப் பையில் போட்டுத் தரச் சொன்ன வாடிக்கையாளர் அதுவரை வந்ததில்லை. சுற்றறிக்கையை வாங்கிப் படித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் சிரித்து அனுப்பியிருப்பார்கள். அக்கா, கடைக்குப் பின்னால் போய், தான் குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மா விலை கேட்டார். அக்கா ஒரு விலை சொன்னார். வாங்கியவர் குறை சொல்லவில்லை. தொழில் பிறந்துவிட்டது.

ஓரிரு நாளில் அக்கா குடித்துப் போட்ட பாட்டில் தீர்ந்தது. மனுஷிக்கு எவ்வளவுதான் தாகம் எடுக்கும்? மொத்தக் கடையிலிருந்து புதுக் காலி பாட்டில்களை இறக்கினார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'கழிவு செட், சிறியது' 'கழிவு செட், பெரியது' என்று சீட்டு ஒட்டி வாசலில் சரமாகத் தொங்கவிட்டார். பெரியதில் பாட்டில்கள், மூடிகள், எந்த வாயும் தொடாத உறிஞ்சுகுழல்கள், ஆயுளில் ஒரு முட்டையைக்கூடப் பார்த்திராத முட்டை அட்டை ஒன்று. ஒரு அப்பா எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கழிவுக்குக் கழிவு கிடையாதா?" என்று பேரம் பேசினார்.

செய்தி தெரிந்ததும் கழிவு டீச்சர் மதிய இடைவேளையில் தெருவைத் தாண்டி ஓடினார்.

"என்னக்கா இது?"

"கழிவு. நீதானே கேட்டே."

"நான் வீட்ல கிடக்கறதைக் கேட்டேன். நீ புதுசா இறக்கி விக்கறே."

"வீட்ல கிடக்கறதைத் தேட அவங்களுக்கு எங்கடி நேரம்? ஒரு பாட்டில் காலியாகணும்னா முதல்ல யாராவது குடிக்கணும். அதுவரைக்கும் உன் கண்காட்சி காத்துட்டிருக்குமா?"

"பசங்ககிட்ட வாங்காதே, வாங்காதேன்னு தொண்டை கிழியக் கத்தறேன். அவங்க அதைக் கேட்டுட்டு நேரா இங்க வந்து வாங்கறாங்க. வாசல்ல நம்மளைக் கூட்டுன்னு பேசறாங்கக்கா."

"பேசட்டுமே. அப்படிப் பேசற ஒருத்தியாவது, உன் தங்கச்சி பங்கு எங்கன்னு என்கிட்ட வந்து கேட்டாளா?"

"நான் நிரந்தரம் ஆகப்போற நேரம். நிறுத்திடேன், ப்ளீஸ்."

"நான் நிறுத்தினா மூலைக் கடைக்காரன் ஆரம்பிப்பான். அவன் தூசிகூடத் தட்ட மாட்டான்." அக்கா ஒரு பெரிய செட்டைக் கொக்கியில் மாட்டினார். "உக்கார நாற்காலி குடுக்காத வேலைக்கு உனக்கு இவ்வளவு பதைப்பு. நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், என் ஸ்டூல் எனக்கு. போடி, மணி அடிச்சுடப் போகுது."

அக்காவின் பேச்சில் விஷம் கிடையாது, பழக்கதோஷம்தான். ஆனால் நாற்காலி என்ற சொல் டீச்சரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

நேரே பெரிய டீச்சரிடம் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. வேறு யாராவது சொல்லி, தன் பெயரும் அக்கா பெயரும் சேர்ந்து நாறுவதைவிட அது மேல்.

"மேடம், பசங்க செஞ்சு கொண்டு வர்றது எதுவுமே கழிவு இல்ல. எல்லாம் கடைல வாங்கின புதுசு."

"பாத்தேன். பளபளன்னு இருக்கு. பக்கத்து ஸ்கூல்ல நிஜமான குப்பையை வச்சாங்களாம். குழுவுல ஒருத்தருக்கு வாந்தியே வந்துடுச்சாம்."

"இது ஏமாத்தறது இல்லையா மேடம்?"

"யாரை ஏமாத்தறோம்? பாட்டிலையா?" பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "இங்க பாரு. கண்காட்சி முடிஞ்சதும் எல்லாத்தையும் தூக்கித்தானே போடப் போறோம்? அப்போ அது கழிவுதானே? நாம கொஞ்சம் முன்னாடியே பேர் வச்சுட்டோம், அவ்வளவுதான். போ, ஒவ்வொண்ணுலயும் அழகா ஒரு சீட்டு எழுதிக் கட்டு. உன் கையெழுத்து நல்லா இருக்கும். பெயிண்டரை வரச் சொல்லியிருக்கேன், தெரியுமில்ல?"

பெயிண்டர் என்றதும் டீச்சர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். நாற்காலி முதுகில் 'சுற்றுச்சூழல்' என்ற எழுத்துகள் ஈரம் காயாமல் மினுமினுப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. கண்காட்சிக் கூடத்தில் ஒரே ஒரு பொருளாவது மெய்யாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒன்று போதும். அதைப் பார்த்தால் தன் மனசாட்சி வாயை மூடிக்கொள்ளும். அப்படித்தான் மூன்றாம் வகுப்பு மூலையில் சாத்தியிருந்த குடை கண்ணில் பட்டது.

அது சின்னக்கேள்வியின் குடை. சின்னக்கேள்வி என்பது டீச்சர் மனசுக்குள் வைத்திருந்த பெயர். ஒற்றை விரலைத் தூக்கி, "ஒரு சின்னக் கேள்வி டீச்சர்" என்று எழுந்தாலே வகுப்புக்குக் கொண்டாட்டம்தான். "மூணு நிறத்துல தொட்டி வச்சிருக்கோமே, லாரி மட்டும் ஏன் ஒண்ணே ஒண்ணு வருது?" என்று ஒருமுறை கேட்டாள். "நல்ல கேள்வி, உக்காரு" என்றார் டீச்சர். பதில் இல்லாத கேள்விக்கு ஆசிரியர்கள் கொடுக்கும் மரியாதை அது.

குடையின் கருப்பு நரைத்துச் சாம்பலாகியிருந்தது. ஒரு பக்கம் கிழிந்த இடத்தில் நீலச் சீருடைத் துணியால் ஒட்டு. பொடித் தையல், ஒரு பிசிறு கிடையாது. ஒரு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் சக்கரக் கம்பி. கைப்பிடி போய், உடைந்த வாளியின் பிடி வந்திருந்தது. பெண்ணின் அம்மா தையல் கடையில் பட்டன் தைப்பவர். காலையில் இருவரும் ஒரே குடையில் வருவார்கள். அம்மா கடை வாசலில் ஒதுங்கிக்கொள்ள, குடை மகளோடு பள்ளிக்கு வரும். சாயங்காலம் அது போய் அம்மாவைக் கூட்டிக்கொள்ளும்.

"இதை எனக்கு ரெண்டு நாளைக்குத் தர்றியாம்மா?"

"எதுக்கு டீச்சர்?"

"கண்காட்சில வைக்கறதுக்கு. கழிவுல செஞ்ச பொருள் வரிசைல."

"இது கழிவு இல்ல டீச்சர். குடை."

"தெரியும்மா. சும்மா பேருக்குத்தான்."

"ஒரு சின்னக் கேள்வி. மழை வந்தா?"

டீச்சர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. "ரெண்டே நாள். பத்திரமாத் திருப்பித் தந்துடுவேன்."

"நீங்களே தருவீங்களா?"

"நானே என் கையால தருவேன்."

அவள் யோசித்து, ஒருமுறை விரித்து மடக்கிக் காட்டினாள். விரிக்கும்போது சைக்கிள் கம்பியை விரலால் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் முரண்டு பிடிக்கும். அதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கையைவிட்டு விட்டாள். டீச்சர் தன் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி வாளிப் பிடியில் நூலால் கட்டினார்: 'கழிவு: பழைய குடை.' சின்னக்கேள்வி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கேள்வி கேட்கவில்லை.

குழு வந்தது. மூன்று பேர், மூன்று கார். ஆளுக்கொரு புதுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மேசைமேல் வைத்தார்கள். கூடத்தில் இருந்த ஒரே நிஜக் கழிவு அதுதான். அதில் சீட்டு கட்ட யாருக்கும் தோன்றவில்லை. பாட்டில் ராக்கெட், பாட்டில் மயில், பாட்டிலுக்குள் பாட்டில் என்று பார்த்துக்கொண்டே வந்தவர்கள் குடை முன்னால் நின்றார்கள்.

குழுத் தலைவி பக்கத்தில் நின்ற சின்னக்கேள்வியிடம் குனிந்து கேட்டார். "இது என்ன மாடல் பாப்பா?"

"குடைங்க."

"இதுல என்ன பண்ணலாம்?"

"மழைல நனையாமப் போலாம்."

மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "குழந்தைக்கு எவ்வளவு இயல்பாப் பேசச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் ஒட்டுத் துணியைத் தடவிப் பார்த்தார். "நிஜமாவே பழசு மாதிரி இருக்கே. எப்படிச் செஞ்சீங்க டீச்சர்?"

நிஜமாகவே பழசுதான், நாளைக்கு மழை வந்தால் இதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். பெரிய டீச்சர் முந்திக்கொண்டார். "எல்லாம் எங்க ஓவிய டீச்சரோட கைவண்ணம்."

கழிவு டீச்சர் சிரித்தார். சின்னக்கேள்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடையோடு இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

கார்கள் போனதும், குடையை எடுத்து வைத்துவிடலாம் என்று டீச்சர் கூடத்தை நோக்கித் திரும்பினார். அதற்குள் நிர்வாகி கூப்பிடுவதாக ஆள் வந்தது. போகிற வழியில் பெரிய டீச்சர் துப்புரவுப் பெண்களிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது என்ன என்று பிறகுதான் தெரியவந்தது: "நாளைக்கு ஹால்ல கூட்டம் இருக்கு. கழிவுன்னு சீட்டு இருக்கறதை எல்லாம் லாரில ஏத்திடுங்க."

நிர்வாகியின் அறையில் மெத்தை வைத்த நாற்காலி. தேநீர், பிஸ்கட். அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கவாட்டு வாசலும் குப்பை லாரியும்.

நிர்வாகி அளந்து பேசுகிறவர். "உங்க உழைப்பை நாங்க பாத்துட்டுத்தான் இருக்கோம் டீச்சர். உங்களை நிரந்தரம் பண்றதைப் பத்தி நானும் பெரிய டீச்சரும் கலந்து பேசினோம். இந்த வருஷமே..." என்று நிறுத்தி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

வெளியே துப்புரவுப் பெண்கள் ராக்கெட்டையும் மயிலையும் அள்ளிக்கொண்டு போய் லாரியில் கொட்டினார்கள். கடைசியாக வந்தவள் கையில் குடை. சிரித்துக்கொண்டே அதை விரித்துத் தலைக்குமேல் பிடித்து, மழையில் நடக்கிற மாதிரி ஒயிலாக நடந்து காட்டினாள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

தமிழில் ஒரு வாக்கியத்தின் தலையெழுத்து அதன் கடைசிச் சொல்லில் இருக்கிறது. 'இந்த வருஷமே' என்று கிளம்பியது 'செய்துவிடுகிறோம்' என்று போய்ச் சேரலாம், வேறெங்காவதும் போய்ச் சேரலாம். அந்தச் சொல் வரும்வரை எழுந்திருக்க முடியாது. பாதி வாக்கியத்தில் எழுந்தால், "அவசரம்போல, அப்புறம் பேசிக்கலாம்" என்று ஆகிவிடும். அந்த அப்புறத்தை அவர் இத்தனை வருடமாகப் பார்த்துவிட்டார். ஜன்னல் வழியே ஒரு சத்தம் போட்டால் போதும். 'அந்தக் குடையை வை' என்று மூன்றே சொல். நிர்வாகி நனைந்த பிஸ்கட் உடைந்து விழுவதற்குள் அதை வாயில் சேர்ப்பதில் கவனமாக இருந்தார். டீச்சர் அவர் வாயையே பார்த்தார். வாய்க்குப் பின்னால், குடை மடங்க மறுத்தது. சைக்கிள் கம்பியை விரலால் தள்ள வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் விரித்தபடியே உள்ளே வீசினாள்.

நிர்வாகி மென்று விழுங்கினார்.

"...இந்த வருஷமே முடிச்சுடணும்னுதான் ஆசைப்பட்டோம். அடுத்த வருஷம் கண்டிப்பாப் பாக்கலாம். பிஸ்கட் எடுத்துக்குங்க டீச்சர்."

டீச்சர் வாசலுக்கு ஓடி வந்தபோது லாரி முனை திரும்பிவிட்டிருந்தது. காவலாளி கேட்டார். "என்ன டீச்சர், ஏதாவது விட்டுட்டீங்களா?"

"இல்ல" என்றார் டீச்சர்.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு, ஆசிரியர் அறையில் ஜன்னலுக்கு மேலே மாட்டினார்கள். விளிம்பில் உட்கார்ந்தால் சரியாகக் கழிவு டீச்சர் தலைக்குமேல் வரும். வாசல் அம்மாக்களிடையே அடுத்த பேச்சு ஓடியது: டீச்சர் நிரந்தரம் ஆகிவிட்டாராம், அக்காதான் பணம் கட்டினாளாம். இதை விசாரிக்கக்கூட வேண்டியதில்லை.

கண்காட்சிக்கு மறுநாள் சின்னக்கேள்வி கையை நீட்டினாள். "குடை டீச்சர்?"

"பத்திரமா இருக்கும்மா. பீரோல வச்சுப் பூட்டியிருக்கு."

"எப்பத் தருவீங்க?"

"சாவி பெரிய டீச்சர்கிட்ட இருக்கு. வாங்கித் தர்றேன்."

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் சின்னக்கேள்வி தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். நெற்றிக்கு மேலே சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது: 'கழிவு செட், பெரியது.' யாரோ வீசியதை எடுத்திருந்தாள். டீச்சர் சொல்லிக் கொடுத்த மறுபயன்பாட்டை அந்தப் பள்ளியில் சரியாகச் செய்து காட்டியவள் அவள் ஒருத்திதான். அதற்குச் சான்றிதழ் இல்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் அக்கா கடையில் போய் நின்றார். "சின்னப் பிள்ளைக்கு ஒரு குடை வேணும்."

"யாருக்குடி?"

யாரிடமும் சொல்லாததை அக்காவிடம் சொன்னார். சீட்டு, ஜன்னல், பிஸ்கட், எல்லாம். சொல்லி முடித்துவிட்டுப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார். அக்கா, தன் கடைச் சரித்திரத்தில் முதல்முறையாக, அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.

"உள்ள வை. கூட்டு, கூட்டுன்னு ஊரே சொல்லுதே. இதுல இது என் பங்கு."

வதந்தி ஒருவழியாக உண்மையாகிவிட்டது. வாசலில் அந்த நேரம் பார்த்து ஒருவரும் இல்லை.

பூப்போட்ட புதுக் குடை சின்னக்கேள்வியோடு வீட்டுக்குப் போனது. மறுநாள் காலையில் அவள் அம்மாவோடு திரும்பி வந்தது, விரிக்காமல்.

"டீச்சர், பழையது பீரோல இருக்குன்னு பாப்பா சொன்னா. அப்புறம் இது எதுக்கு?"

"அது... ஒரு பரிசு மாதிரிங்க."

"பரிசுன்னா எல்லாப் பிள்ளைக்கும் குடுங்க. இவளுக்கு மட்டும்னா நாளைக்கு வாசல்ல ஒரு கதை கட்டுவாங்க." அந்த அம்மா குடையை மேசைமேல் வைத்தார். "மாத்தித் தர்றது வேற, திருப்பித் தர்றது வேற டீச்சர். சாவி கிடைக்கறப்ப எங்களதைக் குடுத்து விடுங்க. அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொன்னபோது அவர் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று டீச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் அந்த அம்மா படியிறங்கிவிட்டார். பூப்போட்ட குடை ஆசிரியர் அறை ஆணியில், சான்றிதழுக்குப் பக்கத்தில், விலைச் சீட்டோடு தொங்குகிறது.

பருவத் தேர்வு வந்தது. கேள்வித்தாள் கழிவு டீச்சர் தயாரித்ததுதான். 'மறுபயன்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக' என்று ஒரு கேள்வி. வருடா வருடம் கேட்பது. பழக்கத்தில் கை எழுதிவிட்டது. நிறையப் பேர் பாட்டில் ராக்கெட் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பையன் 'கழிவு செட் (பெரியது)' என்றே எழுதியிருந்தான். எல்லாவற்றுக்கும் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார், சின்னக்கேள்வியின் தாள் வரும்வரை.

'எங்கள் குடை. அது டீச்சரிடம் இருக்கிறது.'

சிவப்புப் பேனா அங்கே நின்றது. விடை சரி. சரி என்று குறி போட்டால் குடை தன்னிடம் இருக்கிறது என்று தானே ஒப்பமிட்டதாகும். தவறு என்று போட்டால், ஏன் தவறு என்று அவள் விரலைத் தூக்குவாள். முதல் வாக்கியத்துக்கு மட்டும் பாதி மதிப்பெண் போடலாமா என்றுகூடப் பார்த்தார். பேனா மை தாளில் ஒரு புள்ளியாக ஊறியதுதான் மிச்சம். மடித்துப் பைக்குள் வைத்தார்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பே மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தது. ஒற்றை விரல் ஒன்று எழுந்தது.

"ஒரு சின்னக் கேள்வி டீச்சர். என் பேப்பர்?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே நல்ல மழை.

"பீரோல இருக்கும்மா" என்றார்.